மூன்றாம் பீமின் மாப்பிள்ளை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய். அது மூக்கு நுனி வரைக்கும் வரக் காத்திருப்பதில்லை. வாய் முதலில் போய்விடும், கோபம் பின்னால் வந்து சேரும். துறைமுகத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குக் குரல் பெரிதாக இல்லாவிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அப்படிக் கத்திக் கத்தியே ஒரு முறை என் வீட்டுக்காரரைக் கடலுக்குள் அனுப்பப் பார்த்தேன். அந்தக் கதையை வேறு யாரும் சொல்வதை விட நானே எழுதி வைப்பது மரியாதை.

பாலையூற்றில் என் பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் செய்கிற வேலையை இன்னும் விளங்கப்படுத்தி முடியவில்லை. "கண்ணாடி நூல் ஒட்டுறவ" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறாள். அது பிழையும் இல்லை. தலைமயிர் அளவு மெல்லிய கண்ணாடி இழை. அதன் உள்ளே ஓர் இடத்தில், ஒரு விரல் நகத்தின் நீளத்துக்கு, புற ஊதா ஒளியால் ஆயிரக்கணக்கான கோடுகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஃபைபர் பிராக் கிரேட்டிங் என்று அதற்குப் பெயர். நாங்கள் சுருக்கமாகக் கிரேட்டிங் என்போம்.

இழையின் முனையில் ஒரு பெட்டியைப் பூட்டி, பல நிறங்கள் கலந்த ஒளியை உள்ளே அனுப்புவோம். அந்தக் கோடுகள் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிடித்துத் திருப்பி அனுப்பும், மற்றதையெல்லாம் போக விடும். நிறம் என்பது ஒரு பேச்சுக்குத்தான், உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒவ்வொரு கிரேட்டிங்கும் ஒவ்வொரு நிறத்தைப் பிடிப்பதால் ஒரே இழையில் பன்னிரண்டைக் கோத்தாலும் ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்க மாட்டார். இழை ஒரு துளி இழுபட்டால் கோடுகளின் இடைவெளி கூடும், திரும்பி வருகிற நிறமும் ஒரு துளி நகரும். ஆகவே இழையைக் கொங்கிரீட் பீமில் ஒட்டிவிட்டால், மேலே பாரம் ஏறிப் பீம் வளையும்போது பெட்டி அதைச் சொல்லிவிடும். மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத வளைவைக்கூடச் சொல்லும். இந்த வேலைக்கு வந்த முதல் நாள் இதைப் பார்த்து நான் வாய் பிளந்து நின்றது உண்மை.

ஒரே ஒரு கரைச்சல், வெயில். சூடு ஏறினாலும் இதே நிறம் இதே மாதிரி நகரும். நகர்ந்தது பாரத்தாலா வெயிலாலா என்று அந்த இழைக்குச் சொல்லத் தெரியாது. திருகோணமலை வெயிலில் இதை விட்டுவிட ஏலாது. அதற்காக ஒட்டின கிரேட்டிங்குக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை ஒரு சின்னக் குழாய்க்குள் வைத்து, இரண்டு பக்கமும் இழையைத் தளர்த்தி, வளையமாகத் தொங்க விடுவோம். அது பீமோடு ஒட்டக்கூடாது, இழுபடக்கூடாது. சூட்டை மட்டும் உணர்ந்துகொண்டு சும்மா தொங்க வேண்டும். ஒட்டியிருக்கிறவர் சொல்வதில் இருந்து தொங்குகிறவர் சொல்வதைக் கழித்தால் வெயில் போய்விடும், பாரம் மட்டும் மிஞ்சும். அவ்வளவுதான் கணக்கு.

உள்துறைமுகத்தில் கடலுக்குள் நீண்ட மேடையாக ஒரு பழைய ஜெட்டி. பெயர் வேண்டாம். எடை எல்லை போட்டு, பெரிய லொறிகள் ஏறக்கூடாது என்று அதன் வாசலில் ஒரு பலகை நெடுநாளாக நின்றது. பலகையை எடுத்துவிட்டு, சீமெந்து ஏற்றின பெரிய லொறிகளையும் விடலாமா என்று கேட்டுத்தான் எங்கள் கந்தோருக்கு அந்த வேலை வந்தது. ஆறு பீம், பீமுக்கு இரண்டாகப் பன்னிரண்டு கிரேட்டிங். சில மாதம் அளந்து பார்த்து, லொறி ஏற்றிச் சோதித்து, விடலாம் என்றோ விட ஏலாது என்றோ எழுத வேண்டும். கொழும்பில் இருந்த என் மேலதிகாரி, நான் சேர் என்று கூப்பிடுகிறவர், அதை அனுப்பிவைப்பார். அடியில் கையெழுத்து வைக்கிறது நான்.

ஜெட்டிக்குக் கீழே போக வள்ளம் வேண்டும். கிண்ணியாவில் இருந்து ஒருவர் தன்னுடைய வள்ளத்தோடு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், இருபது வருடத்துக்கு மேல் வலையோடு கிடந்தவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கண்ணாடி இழையை அவர் கையில் கொடுக்க முதலில் பயந்தேன். அதற்கு முதல் வந்த இரண்டு உதவியாளர்களும் சேர்ந்து அரை நாளில் நாலு இழை முறித்தவர்கள். நானா ஒன்றைக்கூட முறிக்கவில்லை. எவ்வளவு இழுத்தால் அறும் என்பது அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது.

தொங்குகிற கிரேட்டிங்கைப் பற்றி முதல் நாளே அவருக்குச் சொன்னேன். அவர் வள்ளத்தில் மல்லாந்து படுத்தபடி பீமுக்கு அடியில் அந்த வளையத்தைப் பார்த்தார்.

"அப்ப மத்தவர் பாரம் தாங்குவார், இவர் தொங்கிக்கொண்டு இருப்பார்?"

"ஓம் நானா. இவர் ஒண்டும் செய்யக்கூடாது. அதுதான் இவற்ற வேலை."

"மாப்பிள்ளை எண்டு சொல்லுங்கோவன்."

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் இருப்பார். வந்த புதிதில் அவரை ஒரு வேலையும் செய்ய விடமாட்டார்கள். நானாவே அப்படித் தன் மாமியார் வீட்டுக்குப் போனவர்தான். நான் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. அன்றில் இருந்து எங்களுக்கு அவர் மாப்பிள்ளை. ஒன்றாம் பீமின் மாப்பிள்ளை, இரண்டாம் பீமின் மாப்பிள்ளை, இப்படி ஆறு பேர். கொழும்புக்கு எழுதும்போதுகூட ஒரு தரம் கை தவறி மாப்பிள்ளை என்று எழுதி அழித்தேன்.

பூட்டி முடிகிற தறுவாயில், அதிகாரிகள் நாலு பேர் பார்க்க வருகிறார்கள் என்று காலையில் தகவல் வந்தது. எனக்கு அந்தரம் பிடித்துவிட்டது. கேபிள் துண்டுகள் அங்கும் இங்கும் கிடந்தன, தேத்தண்ணிக் கோப்பைகள் பெட்டிக்கு மேலேயே இருந்தன. நான் ஜெட்டியின் மேல் நடந்து பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் பீமுக்குக் கிட்ட மழைத் தண்ணி வடிவதற்கு ஒரு துவாரம் இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டு அளவு. அதற்குள்ளே குனிந்து பார்த்தால் கீழே வயர், கட்டுக்கயிறு, டேப் எல்லாம் தோரணம் மாதிரித் தொங்குகிறது. நானா கீழே வள்ளத்தில் நின்றார். அந்தத் துவாரத்துக்குள்ளே வாயை வைத்துத்தான் கத்தினேன்.

"என்ன நானா இது, சந்தைக் கடையே? தொங்கிறது ஒண்டும் என்ர கண்ணில படக்கூடாது. எத்தினை தரம் சொல்லுறது? எல்லாத்தையும் இழுத்துக் கட்டுங்கோ!"

"தங்கச்சி, இதில வந்து..."

"ஒரு கதையும் வேண்டாம். அவையள் வந்திட்டினம். கெதியாச் செய்யுங்கோ!"

ஜெட்டியில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்ததும் கேட்டது. எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. நான் தலையை வாரிக் கட்டிக்கொண்டு அதிகாரிகளிடம் போனேன். அவர்கள் அந்தத் துவாரத்தால் எட்டிப் பார்த்து, "வடிவாச் செய்திருக்கிறியள்" என்றார்கள். உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. ஒரு நுனிகூடத் தொங்கவில்லை. அன்று பின்னேரமே பன்னிரண்டு கிரேட்டிங்கையும் பூச்சியத்தில் வைத்து அளக்கத் தொடங்கினேன்.

அடுத்த மாதங்களில் வேலை சீராகப் போனது. சின்ன லொறிகள் போகும் வரும், பெட்டி எழுதிக்கொண்டிருக்கும், நான் கழித்த கணக்கை மட்டும் பார்த்துக் கொழும்புக்கு அனுப்புவேன். பிறகு பாரம் ஏற்றிப் பார்க்கிற நாட்கள் வந்தன. முதலில் அரைப் பாரம், சில நாள் கழித்து முழுப் பாரம். லொறி வேண்டும் என்றதும் என் வீட்டுக்காரரையே பிடித்தேன். அவர் லொறி ஓட்டுகிறவர், நான் சொல்கிற கோட்டில் ஒரு அங்குலம் தவறாமல் நிறுத்தக்கூடியவர். வேறு யாராவது என்றால் நான் கத்துகிற கத்தலுக்கு லொறியை விட்டுவிட்டு இறங்கி ஓடியிருப்பார்கள்.

அரைப் பாரத்துக்கு மணல் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பீமுக்கு மேலும் லொறியின் பின்சில்லுச் சக்கரத்தை நிறுத்தி, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். நான் முன்னால் பின்பக்கமாக நடந்தபடி இரண்டு கையாலும் கூப்பிட்டேன். வாங்கோ, வாங்கோ, இன்னும் கொஞ்சம், ஆ, நில்லுங்கோ. ஒன்றிலும் இரண்டிலும் இலக்கம் மெல்ல ஏறி, நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் நின்றது. மூன்றாம் பீமில் ஏறவே இல்லை. பூச்சியத்தை ஒட்டியபடியே கிடந்தது. எனக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு பழைய ஜெட்டியில் இப்படி ஒரு பீமா! அவர் ஆசனத்தில் இருந்தபடி ரோல்ஸ் தின்றுகொண்டு யன்னலால் கட்டைவிரலைக் காட்டினார். நானும் காட்டினேன்.

கொழும்புக்கு அனுப்பினதும் சேருக்கும் பெரிய சந்தோசம். "மூண்டாவது பீம் அருமையா நிக்குது" என்றார். முழுப் பாரத்தை ஏற்றி அதுவும் சரிவந்தால் அடுத்த கிழமையே பலகையைக் கழற்றிவிடலாம் என்றார். நான் அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்கியிருந்தேன். பிழை வரும் என்று ஒரு நினைப்பும் இல்லை. இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் போட வேண்டும் போலிருக்கிறது. மற்ற ஐந்து பீமும் வளைகிறபோது ஒன்று மட்டும் ஏன் வளையாமல் நிற்கிறது என்று பெட்டியிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. நல்ல செய்தியை யார் நோண்டிப் பார்ப்பார்கள்?

முழுப் பாரத்துக்கு முதல் நாள் காலை, கேபிள் பெட்டிகளைத் துடைப்பதற்காகக் கீழே போக வள்ளத்தைத் தேடினேன். நானா வழமையாக வள்ளத்தை மூன்றாம் பீமுக்கு அடியில்தான் கட்டுவார். அங்கே மத்தியானத்திலும் நிழல் இருக்கும், அலையும் குறைவு. அன்றைக்கு வள்ளம் ஜெட்டியின் கடைசியில், வெயிலுக்குள் நின்றது. யோசித்துப் பார்த்தால் அதற்கு முந்தின நாளும் அங்கேதான் நின்றது.

"ஏன் நானா வெய்யிலுக்க கட்டியிருக்கிறியள்?"

"சும்மாதான்."

"சும்மா ஆரும் வெய்யில் காய்வினமே? சொல்லுங்கோ."

அவர் வள்ளத்தின் உள்பலகையைக் கையால் தட்டினார். வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. "அந்த இடத்தில நிண்டா மேல இருந்து கொட்டுது தங்கச்சி. சிப்பித் தூள், சீமெந்துத் தூள். அண்டைக்கு உங்கட அவர் மணல் லொறியைக் கொண்டுவந்து நிப்பாட்டினபோது என்ட தலை எல்லாம் வெள்ளை. மத்தப் பீமுக்குக் கீழ இப்பிடி இல்ல."

"விசர்க் கதை கதையாதேங்கோ. அந்தப் பீம்தான் அசையவே இல்லை. நான் பாத்தனான்தானே."

"உங்கட பெட்டி ஒண்டும் சொல்லல்லத்தானே. அதுதான் நானும் சொல்லல்ல."

எரிச்சலோடுதான் மேலே வந்தேன். படகுக்காரர் எனக்குப் பீம் படிப்பிக்கிறாரா என்று வாய்க்குள் புறுபுறுத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தேன். அவர் சொன்னது பிழை என்று காட்டத்தான் திறந்தேன், அதை மறைக்க மாட்டேன். கழித்த கணக்கில் மூன்றாம் பீம் முன்போலவே பூச்சியம். பிறகு, ஏன் என்று தெரியாது, கழிக்காத பழைய இலக்கங்களைத் திறந்தேன். ஒட்டியிருக்கிறவர் தனியாக, மாப்பிள்ளை தனியாக. மாதக்கணக்கில் அதை ஒரு தரமும் நான் திறந்து பார்த்ததில்லை.

மூன்றாம் பீமில் ஒட்டின கிரேட்டிங் மணல் லொறி ஏறின நேரத்தில் மளமளவென்று ஏறியிருந்தது. மற்ற எந்தப் பீமையும் விட அதிகமாக ஏறியிருந்தது. மாப்பிள்ளையும் கூடவே ஏறியிருந்தார். பத்து நிமிடம் மேலே நின்று, லொறி விலகினதும் இரண்டு பேரும் ஒன்றாக இறங்கியிருந்தார்கள். வெயில் ஒரு விநாடியில் வந்து ஒரு விநாடியில் போகாது. மாப்பிள்ளை சூட்டைச் சொல்லவில்லை. அவரும் பாரத்தைத்தான் சொன்னார். இரண்டும் ஒரே அளவு ஏறியதால், ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்துவிட்டு, பீம் அசையவில்லை என்று நான் சந்தோசப்பட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை அந்தப் பீமுக்கு மேல் இரண்டு மடங்கு பாரத்தோடு நிற்கப் போகிறவர் என் வீட்டுக்காரர். கூப்பிடப் போகிறவள் நான்.

முதலில் அவருக்கு போன் எடுத்தேன். "இஞ்சாருங்கோ, நாளைக்கு வரவேண்டாம். மணல் ஏத்தவேண்டாம்." ஏன் என்று கேட்டார். "பேந்து சொல்லுறன், வரவேண்டாம்" என்று வைத்துவிட்டேன். பிறகு ஜெட்டிப் பொறுப்பாளரிடம் ஓடி, நான் சொல்லும் வரைக்கும் பாரத்தோடு எதையும் விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கொழும்புக்கு எடுத்தேன்.

சேர் முழுவதையும் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார். "அதை ஆர் இழுத்துக் கட்டினது? வள்ளக்காரரே?"

"தெரியாது சேர். போய்ப் பாக்கவேணும்."

"அவராத்தான் இருக்கும். தொழிலாளியின்ர கவனக்குறைவு எண்டு போடுங்கோ. வேற ஆளைப் பிடிப்பம். எங்களுக்கும் கரைச்சல் இல்லை."

நான் உடனே இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இங்கே பெருமையாக எழுதியிருப்பேன். "சரி சேர், பாத்திட்டுச் சொல்லுறன்" என்றுதான் சொன்னேன். கோபமும் வந்தது, நானாவின் மேல்தான் வந்தது. மாப்பிள்ளை தொங்க வேண்டும் என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னேனே! பெயர் வைத்ததே அவர்தானே! இரண்டு பேருமாக வள்ளத்தில் மூன்றாம் பீமுக்குக் கீழே போனோம். என்ன சொல்லித் திட்டுவது என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டு போனேன்.

மேலே டோர்ச் அடித்தேன். தளர்ந்து தொங்க வேண்டிய வளையம் இல்லை. இழை குழாயின் இரண்டு பக்கமும் நேராக இழுக்கப்பட்டு, நைலோன் நூலால் பீமின் கொளுக்கிகளோடு கட்டப்பட்டு, முடிச்சுக்கு மேல் பசையும் வைக்கப்பட்டிருந்தது. சின்னச் சின்ன முடிச்சுகள், வலைக்கண் முடிச்சுகள். ஒரே இடைவெளியில், ஒரே அளவில். அந்த இழையை வேறு யார் இப்படி இழுத்திருந்தாலும் அது அன்றைக்கே அறுந்திருக்கும். அறுந்திருந்தால் பெட்டி அந்த நிமிடமே கத்தியிருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். அறாமல் இழுக்கத் தெரிந்த கை என்பதால்தான் இவ்வளவு மாதமும் பிழை வெளியில் வரவில்லை.

"நானா, இது மாப்பிள்ளை. இது தொங்கவேணும் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே கட்டினீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே அந்தத் துவாரத்தைப் பார்த்தார். அதற்குள்ளால் ஒரு வட்ட வானம் தெரிந்தது.

"அதுக்குள்ளால கத்தினீங்க. தொங்கிறது ஒண்டும் கண்ணில படக்கூடாது, எல்லாத்தையும் இழுத்துக் கட்டு எண்டீங்க. நான் சொல்ல வாய் எடுத்தன். ஒரு கதையும் வேணாம் எண்டீங்க. மேல நிண்டவனெல்லாம் சிரிச்சான். படிச்ச ஆள் நீங்க, உங்களுக்குத் தெரியாமலா எண்டு நினைச்சுக் கட்டினன்." கையை நீட்டி ஒரு முடிச்சைத் தடவினார். "அதுக்குப் புறகு சொல்லியிருக்கலாம். மனசு வரல்ல தங்கச்சி. உண்மையைச் சொல்லுறன்."

அடுக்கி வைத்த திட்டு முழுவதும் என் வாய்க்குள்ளேயே கிடந்தது. அந்த நாள் காலை முழுவதும் ஒரு சொல் தவறாமல் எனக்கு ஞாபகம் வந்தது. துவாரத்தில் வாயை வைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, "தங்கச்சி, இதில வந்து" என்று அவர் தொடங்கியது. அந்த வசனத்தை அவர் முடிக்க மூன்று விநாடி போதும். நான் கொடுக்கவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நானா வள்ளத்தின் மற்றப் பக்கம் திரும்பி, இல்லாத தண்ணியை இறைக்கத் தொடங்கினார்.

"என்னில பிழை நானா" என்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சரி, சரி. கத்தியைத் தாங்கோ, வெட்டுவம்" என்றார்.

அன்று பின்னேரம் சேர் திரும்ப எடுத்தார். அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன போடுவது என்று கேட்டார். வள்ளக்காரர்தானே என்றார்.

"இல்லை சேர். என்ர வாய் எண்டு போடுங்கோ."

"என்ன?"

"தொங்கவேண்டியதை இழுத்துக் கட்டச் சொன்னது நான். அந்தாள் சொல்ல வந்ததைக் கேளாமல் விட்டதும் நான். இழுத்ததுக்கும் சேர்த்து நான்தான் கையெழுத்து வைக்கிறன். ஆளை மாத்துறதெண்டால் என்னை மாத்துங்கோ."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. கடைசியில் "கள உத்தியோகத்தரின் தவறான அறிவுறுத்தல்" என்று போனது. அதற்காக எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையைத் திரும்பத் தொங்க விட்டோம். மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். அவர்கள் மேலே ஒளிந்து கிடந்தவர்கள், துவாரத்தால் என் கண்ணில் படாததால் தப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பீமுக்குக் கீழும் நானா வள்ளத்தை நிறுத்தி, ஜெட்டி முழுவதும் கேட்கிற மாதிரிக் கத்திக் கேட்டார். "தங்கச்சி, இது தொங்குது! விடவா?" நான் பக்கத்திலேயே இருக்கிறேன், கத்தத் தேவையே இல்லை. வேண்டுமென்றுதான் செய்தார். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் ஐந்து தரமும் கத்தினேன். "ஓம் நானா, விடுங்கோ!"

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் லொறியைக் கொண்டுவந்தார். இந்த முறை வெறும் லொறி. பலகையில் போட்ட எல்லைக்குள்தான் அது வரும். வேறு ஆளை விடலாம் என்றேன், கேட்கவில்லை. நான் கூப்பிடாமல் ஒரு பக்கத்தில் கதிரையில் மடிக்கணினியோடு இருந்தேன். ஒன்று, இரண்டு, சரி. பின்சில்லு மூன்றாம் பீமில் ஏறியது. மாப்பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒட்டியிருந்தது ஏறியது. மணல் அரைப் பாரம் இருந்தபோது மற்றப் பீம்கள் காட்டின இலக்கத்தைத் தாண்டி, வெறும் லொறிக்கே ஏறியது. கீழே வள்ளத்தில் இருந்து நானாவின் குரல், "கொட்டுது! கொட்டுது!"

"பின்னால எடுங்கோ!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தினதில்லை.

பலகை இன்றைக்கும் நிற்கிறது. இப்போது அதில் சின்ன லொறியும் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஜெட்டியை உடைத்துக் கட்டப் போகிறார்களாம்.

அன்றைக்கு அவர் லொறியைக் கரையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். இலக்கத்தைக் காட்டினேன். இவ்வளவு நாளும் அவருக்கு நான் நடந்ததை அரையும் குறையுமாகத்தான் சொல்லியிருந்தேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு துவாரத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து கீழே தண்ணியைப் பார்த்தார்.

"அண்டைக்கு நீர் கையைக் காட்டி வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்ட இடம் இதுதானே?"

"ஓம்."

"பத்து நிமிசம் நிண்டனான். ரோல்ஸ் திண்டுகொண்டு."

"ஓம்" என்றேன். நானும் அவருக்குப் பக்கத்தில் குனிந்து கீழே தண்ணியைப் பார்த்தேன்.